விரல் ரேகையும் தேக்குக் கதவும்

வெளியே தொங்கும் பூட்டு, வீட்டில் ஆள் இல்லை என்று தெருவுக்கே சொல்லிவிடும். கதவுக்குள் பதிந்திருக்கும் டிஜிட்டல் பூட்டு அதைச் சொல்லாது. உள்ளே பத்துப் பேர் இருந்தாலும், குடும்பமே திருச்செந்தூர் போயிருந்தாலும் கதவு ஒரே மாதிரிதான் தெரியும். ஆனால் ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பல வீடுகளில் அந்தக் கதவுக்கு முன்னால் ஒரு கிரில் கேட்டும், அதில் ஒரு தொங்கு பூட்டும் உண்டு. இருபதாயிரம் ரூபாய்ப் பூட்டு மறைத்ததை இருநூறு ரூபாய்ப் பூட்டு காட்டிக்கொடுத்துவிடுகிறது.

கடையில் புதிய மாடல்களை ஒப்பிடும்போது எல்லோரும் எண்ணுவது ஒன்றைத்தான்: எத்தனை வழியில் திறக்கும்? விரல் ரேகை, ரகசிய எண், கார்டு, செல்போன் செயலி, ஓடிபி, முகம், கடைசியாகச் சாவி. வழி கூடக் கூட விலையும் கூடுகிறது. திறக்கும் வழி ஒவ்வொன்றும் அடுத்தவன் நுழையப் பார்க்கும் வழியும்தான் என்பதால், நான் வேறொன்றைக் கேட்பேன். திறக்க மறுத்தால் இந்தப் பூட்டு நம்மை எங்கே நிறுத்தும்?

முதலில் கதவு. இந்த மாடல்களில் பெரும்பாலானவை அடுக்குமாடி வீட்டின் ஒற்றைக் கதவை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. பழைய தெருக்களில் இருப்பதோ நாதாங்கி போட்ட இரட்டைக் கதவு. ஒற்றைக் கதவிலும் சிக்கல் உண்டு. ஐப்பசி மழையில் மரம் ஊதினால் தாழ் நாக்கு நிலையில் உள்ள துளைக்கு நேராகப் போகாது. சாவிப் பூட்டு என்றால் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டே சாவியைத் திருப்பிவிடுவோம். மோட்டார் பூட்டுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. இரண்டு தடவை முயன்றுவிட்டுக் கீச்சென்று கத்தும். கதவின் மேல் திருகி மாட்டும் ‘ரிம்’ வகை இதில் கொஞ்சம் பரவாயில்லை. கதவைக் குடைந்து பதிக்கும் ‘மார்ட்டிஸ்’ வகைதான் உறுதியானது, ஆனால் அதற்குக் கை தேர்ந்த ஆசாரி வேண்டும். ஒரு தடவை குடைந்த கதவைப் பழையபடி ஆக்கவும் முடியாது.

அடுத்தது விரல். குறைந்த விலை மாடல்கள் எல்லாம் விரல் ரேகையைத்தான் முன்னிறுத்துகின்றன. இந்த ஊர்களில் அதிகம் தடுமாறுவதும் அதுதான். நூற்பாலையிலும், சத்திரப்பட்டிப் பக்கத்து பேண்டேஜ் துணித் தறிகளிலும், பால்கோவா அடுப்படியிலும் வருடக்கணக்கில் வேலை செய்த கைகளில் ரேகை தேய்ந்திருக்கும். வயதானவர்களுக்குத் தோல் வறண்டு கோடுகளே மங்கிவிடும். தமிழகம் முழுக்க ரேஷன் கடைகளில் விரல் ரேகைப் பதிவு வந்தபோது, முதியவர்கள் ஒரு விரல் மாற்றி ஒரு விரல் வைத்து நின்றதை நாம் பார்த்திருக்கிறோம். அங்கே திரும்பி வீட்டுக்குப் போகலாம். இங்கே வீட்டுக்குள்தான் போக முடியாது.

இதற்கு நல்ல மாற்று, விலை கூடிய சில புது மாடல்களில் வரும் உள்ளங்கை ரத்தநாள வாசிப்பு. அகச்சிவப்பு ஒளி தோலுக்குள் இருக்கும் ரத்தநாளங்களின் அமைப்பைப் படிப்பதால் ரேகை தேய்ந்தவருக்கும் பெரும்பாலும் திறந்துவிடும். தேய்ந்த கைக்கு அதிகம் உதவக்கூடியது, அந்தக் கைக்கு எட்டாத விலையில் இருக்கிறது. முகம் பார்க்கும் மாடல்களில் ஆழத்தை அளக்கும் அகச்சிவப்பு வகையை நம்பலாம். வெறும் கேமராவை மட்டும் வைத்திருப்பதை ஒரு நல்ல புகைப்படம்கூட ஏமாற்றலாம்.

ரகசிய எண்ணைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். விரல் ரேகை வெளியே கசிந்தால் புது விரலுக்கு எங்கே போவது? எண்ணை ஒரு நிமிடத்தில் மாற்றிவிடலாம். தினம் அழுத்தும் நான்கு பொத்தான்கள் மட்டும் பளபளக்கும் என்பது குறைதான். உண்மையான எண்ணுக்கு முன்னும் பின்னும் வேண்டாத எண்களைச் சேர்த்து அழுத்த விடும் மாடல் அந்தக் குறையைப் பெரும்பாலும் தீர்க்கிறது.

வைஃபை பூட்டைப் பற்றி எனக்கு இரண்டு மனம். பிள்ளைகள் பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருக்க, அம்மா மட்டும் தனியாக இருக்கும் வீடுகள் இரண்டு ஊர்களிலும் நிறைய. அவர் குளியலறையில் வழுக்கி விழுந்தால், மகன் அங்கிருந்தே பக்கத்து வீட்டுக்காரருக்குக் கதவைத் திறந்துவிடலாம். கதவை உடைக்க வேண்டாம், நேரம் வீணாகாது. இதை எந்தச் சாவியும் செய்யாது. அதே செயலி, அம்மாவைப் பார்க்க யார் எத்தனை மணிக்கு வந்தார், வேலைக்கு வரும் அக்கா எத்தனை நிமிடம் தாமதம் என்றும் எழுதி வைக்கிறது. வீட்டுக்காரி உள்ளே இருக்க, வீட்டின் நிர்வாகி கடல் தாண்டி இருக்கிறார். அம்மாவிடம் கேட்டுவிட்டு மாட்டிய வீடுகள் எத்தனை? இந்த விஷயத்தில் கோவில் உண்டியல் மேல்: இரண்டு பூட்டு, இரண்டு பேரிடம் சாவி. இரண்டு பேர் சேர்ந்தால்தான் திறக்கும் வசதி சில டிஜிட்டல் மாடல்களிலும் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குபவர்கள்தான் குறைவு.

தூரத்திலிருந்து திறக்க முடிந்தால் தூரத்திலிருந்தே கெடுக்கவும் முடியும். 2017-ல் அமெரிக்காவின் லாக்ஸ்டேட் நிறுவனம் இணையம் வழியாகத் தவறான மென்பொருளை அனுப்பியதில் சுமார் 500 பூட்டுகள் ஒரேயடியாகச் செயலிழந்தன. பக்கத்தில் நின்றும் ஏமாற்றலாம்: 2018-ல் சீனாவின் யோங்காங் நகரில் நடந்த கதவுக் கண்காட்சியில், வலுவான மின்காந்த அலையை எழுப்பும் கையடக்க டெஸ்லா சுருளைப் பக்கத்தில் காட்டியே பல நிறுவனங்களின் பூட்டுகளை ஒருவர் சில நொடிகளில் திறந்து காட்டினார். நல்ல நிறுவனங்கள் அதன் பிறகு மின்காந்தத் தடுப்பைச் சேர்த்துவிட்டன. பெயர் தெரியாத மலிவுப் பூட்டில் அது இருக்கிறதா என்று கேட்டால் விற்பவரிடம் பதில் இருக்காது.

தானாகப் பூட்டிக்கொள்ளும் வசதியும் நம் வாழ்க்கைக்குப் பொருந்தாதது. பால் வாங்க, கோலம் போட, தெருவில் நிற்பவரோடு இரண்டு வார்த்தை பேச என்று வாசலுக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டே இருப்பவர்கள் நாம். மாட்டிய அன்றே அதை அணைத்துவிடுங்கள். பேட்டரி பயம் மட்டும் கொஞ்சம் மிகை. வாரக்கணக்கில் எச்சரித்த பிறகே அது தீரும். தீர்ந்தாலும் வெளியிலிருந்து யுஎஸ்பி வழியாகவோ 9 வோல்ட் பேட்டரி வைத்தோ உயிர் கொடுத்துவிடலாம்.

இப்போதைய நிலவரத்தில் இந்த இரண்டு ஊர்களுக்கும் என் தேர்வு: வைஃபை இல்லாத, எண்ணும் கார்டும் சாவியும் உள்ள நடுத்தர விலை மார்ட்டிஸ் பூட்டு. தனியாக இருக்கும் பெரியவர்களின் வீட்டுக்கு மட்டும், அவர்கள் சம்மதித்தால், வைஃபை. வாங்கும் முன் ஆசாரியிடம் கதவைக் காட்டுங்கள். பழுது பார்க்க ஆள் உள்ளூரிலேயே இருக்கிறாரா, மதுரையிலிருந்து வர வேண்டுமா என்று கேளுங்கள். கடப்பாரையோடு வரும் திருடன் தேடுவது புழக்கடைக் கதவைத்தான், அதன் தாழ்ப்பாளையும் ஒரு தடவை பாருங்கள். பூட்டோடு வரும் அவசரச் சாவியைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிடாமல், நம்பிக்கையான ஒரு வீட்டில் கொடுத்து வையுங்கள்.