மறைந்த முகமும் மறையாத கையும்

சிவகாசியில் அச்சாகித் தமிழகமெங்கும் பேருந்து நிலையக் கடைகளில் தொங்கிய சித்திரக்கதைகளைப் படித்து வளர்ந்த தலைமுறை இன்று நடுவயதைக் கடந்துவிட்டது. ஆயினும் அத்தலைமுறையினரிடையே ஒரு வழக்கு மட்டும் இன்னும் தீராமல் இருக்கிறது. இரும்புக்கை மாயாவியும் ஸ்பைடரும் மெய்யாகவே நல்ல கதைகளா? அல்லது நம் இளமையைத்தான் அக்கதைகள் என்று எண்ணி மயங்குகிறோமா? நீண்ட தொய்வுக்குப் பின் 2012 சனவரியில் லயன் காமிக்ஸ் புத்துயிர் பெற்றது முதல் இவ்வழக்கு சூடு பிடித்துள்ளது. புத்தகக் கண்காட்சிகளில் வாசகர்கள் கூடும்போதெல்லாம், பழைய கதைகளை மறுபதிப்புச் செய்ய வேண்டும் என்பார் ஒரு சாரார். ‘காதில் பூச்சுற்றும்’ அக்கதைகளை இனியும் சுமக்க வேண்டுமா என்பார் மறுசாரார்.

விளையாட்டான சண்டைபோலத் தோன்றினாலும், இதனுள் பெரியதொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. இவ்விரு நாயகர்களும் பிறவியிலேயே நல்லவர்கள் அல்லர். இருவரும் குற்றவாளிகளாகத் தோன்றிப் பின்னர் நீதியின் பக்கம் வந்தவர்கள். ஆகவே இக்கதைகளை மறுமதிப்பீடு செய்வது என்பது, ஒரு மனிதனின் மனமாற்றத்தை இவை எப்படிச் சொல்கின்றன என்று ஆராய்வதுமாகும். ரசிகர்களின் இரு சாராரும் அதிகம் தொடாத இடம் இதுவே.

முதலில் வரலாற்றைப் பார்ப்போம். லூயிஸ் கிராண்டேல் என்னும் மாயாவி, 1962 அக்டோபரில் இங்கிலாந்தின் ‘வேலியண்ட்’ சிறுவர் வார இதழில் பிறந்தான். தொடக்கத்தில் கதையை எழுதியவர் கென் பல்மர். பின்னர்த் தொடர்ந்தவர் டாம் டல்லி. படங்களை வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்னும் ஸ்பெயின் நாட்டு ஓவியர். 1972இல் சிவகாசியில் சௌந்தரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழே ‘இரும்புக்கை மாயாவி’தான். குழந்தை எழுத்தாளர் முல்லை தங்கராசன் அதன் ஆசிரியராக இருந்து, அயல்நாட்டுக் கதைக்குத் தமிழ் நாக்கைக் கொடுத்தார். ஸ்பைடர் 1965இல் இங்கிலாந்தின் ‘லயன்’ இதழில் தோன்றியவன். டெட் கோவன் எழுத, ரெக் பன் வரைந்தார். சௌந்தரபாண்டியனின் மகன் விஜயன் 1984இல் சிவகாசியில் தொடங்கிய லயன் காமிக்ஸ் வழியாக அவன் தமிழுக்கு வந்தான்.

மாயாவியின் முதல் கதை எளிமையானது. ஆய்வுக்கூட விபத்தொன்றில் வலக்கையை இழந்து, எஃகுக் கை பொருத்தப்பட்டவன் கிராண்டேல். பேராசிரியர் பாரிங்கரிடம் உதவியாளனாக இருக்கிறான். மற்றொரு விபத்தில் கடும் மின்சாரம் அவன் உடலில் பாய்கிறது. உடல் முழுவதும் மறைந்துபோகிறது. அந்த எஃகுக் கை மட்டும் மறையவில்லை. தன்னை எவரும் காண முடியாது என்று உணர்ந்ததும் அவன் செய்யத் துணிவது திருட்டு. திருட்டு வளர்ந்து, நியூயார்க் மாநகரையே தகர்ப்பேன் என்று மிரட்டுவதில் போய் நிற்கிறது.

காற்றில் மிதந்து வரும் ஒரு கை, பெட்டகத்தைத் திறக்கும் ஒரு கை. பிளாஸ்கோவின் கறுப்பு வெள்ளைச் சித்திரங்களில் நம்மை அச்சுறுத்தியது இதுவே. வேறு மாயாவிக் கதைகளில் மறைபவன் முற்றிலும் மறைகிறான். இங்கோ செய்பவன் மறைந்தாலும் செயல் மறைவதில்லை. முகத்தை ஒளித்துக்கொண்டு கையால் மட்டும் உலகைத் தொடும் மனிதனை நாம் அறியமாட்டோமா? கையொப்பமில்லாத கடிதத்தை எழுதுபவனும், மேசைக்கு அடியில் கையூட்டு வாங்குபவனும், கூட்டத்தின் நடுவிலிருந்து கல் எறிபவனும் இவனுடைய உறவினர்களே. பார்ப்பாரில்லை என்றால் நீ என்ன செய்வாய் என்று அக்கதை கேட்டது. பன்னிரண்டு வயதுச் சிறுவன் அதைச் சொல்லத் தெரியாமலேயே உணர்ந்தான். காதில் பூ என்று ஒதுக்குபவர்கள் இதனைக் காணத் தவறுகிறார்கள்.

குறை அடுத்து வருகிறது. தொடர் நெடுங்காலம் ஓட வேண்டுமானால் நாயகன் நல்லவனாக வேண்டும். ஆகவே விபத்தின் அதிர்ச்சியில் கிராண்டேலின் மனம் பேதலித்திருந்தது என்று கதை பின்னர்ச் சமாதானம் சொல்கிறது. இது மனமாற்றம் அன்று, மருத்துவச் சான்றிதழ். குற்றம் செய்தவன் அவன் அல்லன், அவனுள் பாய்ந்த மின்சாரமே என்றால் அவன் எதற்காக வருந்த வேண்டும்? யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்? பிற்காலத்தில் அவன் நிழற்படை என்னும் இரகசிய அமைப்பின் உளவாளியாகி உலகைக் காக்கிறான். இடையில் சிறிது காலம் அமெரிக்க நாயகர்களைப்போல் தனி உடையும் அணிகிறான். ரசிகர் பலர் போற்றும் மாயாவி இந்த உளவாளியே. விறுவிறுப்பில் அக்கதைகள் குறைந்தவை அல்ல. ஆனால் முதல் கதை எழுப்பிய கேள்வி அவற்றில் இல்லை.

இரண்டுக்கும் இடையே, அதிகம் பேசப்படாத ஒரு கட்டம் உண்டு. குற்றத்திலிருந்து மீண்ட கிராண்டேலின் வாழ்வில் டாய்ட்ஸ் என்னும் மருத்துவர் குறுக்கிடுகிறார். அவரும் மறையும் ஆற்றலைப் பெற்றுக் குற்றங்களில் இறங்க, பழி கிராண்டேல்மேல் விழுகிறது. இம்முறை குற்றம் அவனுடையதன்று. ஆயினும் உலகம் அவனைத் துரத்துகிறது. ஏன்? ஒருமுறை செய்தவன் மறுமுறையும் செய்வான் என்பது உலகின் கணக்கு. சிறையிலிருந்து திரும்பி ஊருக்குள் நுழையும் எந்த மனிதனையும் கேட்டுப் பாருங்கள். தெருவில் ஓர் ஆடு காணாமற்போனால் முதலில் தட்டப்படும் கதவு யாருடையது என்று அவன் சொல்வான். திருந்தியவன் சுமக்க வேண்டிய சிலுவையைச் சிறுவர் இதழொன்று இவ்வளவு நேர்மையாகக் காட்டியது வியப்பே. மாயாவி வரிசையின் உச்சம் எது என்று கேட்டால், நான் இந்தக் கட்டத்தையே காட்டுவேன்.

இனி ஸ்பைடருக்கு வருவோம். கூர்மையான காதுகள், வளைந்த புருவங்கள், கரிய உடை, முதுகில் வலைத்துப்பாக்கி. குற்றவாளிகளின் பேரரசனாவதே தன் இலட்சியம் என்று வெளிப்படையாகக் கூறுபவன். விஞ்ஞானி பெல்ஹாமையும் பெட்டகம் உடைப்பதில் வல்ல ஆர்டினியையும் அடிமைகளைப்போல் நடத்துகிறான். அவர்களும் சமயம் வாய்த்தால் அவன் காலை வாரக் காத்திருக்கிறார்கள். கோவன் எழுதிய தொடக்கக் கதைகளில், தீயவர்களின் நட்பு எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சித்திரம் தேவையில்லை. அங்கே அன்பு இல்லை; அச்சமும் கணக்குமே உண்டு.

பின்னர் இத்தொடரை எழுத வந்தவர் ஜெர்ரி சீகல். ஜோ ஷூஸ்டருடன் சேர்ந்து சூப்பர்மேனைப் படைத்தவர் இவரே. 1938இல் வெளிவந்த அந்த நாயகனின் உரிமையை இருவருமாக வெறும் 130 டாலருக்குக் கொடுத்துவிட்டு, வாழ்நாளில் பெரும்பகுதியை வழக்குகளிலும் வறுமையிலும் கழித்தார்கள். அவர் ஸ்பைடரை எழுதியபோது, அன்றைய ஆங்கிலச் சிறுவர் இதழ்களின் வழக்கப்படி அவர் பெயர் கதையில் அச்சிடப்படவில்லை. இன்னொரு செய்தியும் குறிப்பிடத்தக்கது. சூப்பர்மேன் என்ற பெயரை 1933இல் அவர் முதலில் சூட்டியது ஒரு வில்லனுக்கு. தீயவனை நல்லவனாக்கும் கலை அவருக்குப் புதியதன்று.

ஆனால் ஸ்பைடரின் மாற்றம் எத்தகையது? குற்றம் அவனுக்குச் சலித்துவிடுகிறது; குற்றவாளிகளை வெல்வதே அதைவிடப் பெரிய சவால் என்று கருதுகிறான். அகந்தை அப்படியே இருக்கிறது. அது குடியிருந்த வீடு மட்டும் மாறுகிறது. தமிழில் வந்த இரு தலைப்புகளே இதைக் காட்டும். ‘எத்தனுக்கு எத்தன்’ என்று வந்தவன், ‘நீதிக்காவலன் ஸ்பைடர்’ ஆகிறான். முதல் தலைப்பில் உண்மை இருக்கிறது. இரண்டாவது, அவன் தனக்குத் தானே சூட்டிக்கொண்ட பட்டம்போல் ஒலிக்கிறது.

கத்தோலிக்க வாசகர்களுக்கு இவ்விடத்தில் எரிகோவின் சக்கேயு நினைவுக்கு வராமல் இரார். அவருடைய மனமாற்றத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சொத்தில் பாதி ஏழைகளுக்கு. ஏமாற்றியதற்கு நான்கு மடங்கு. மனத்துயர், அறிக்கை, பரிகாரம் என்று ஒப்புரவு அருட்சாதனம் நமக்குக் கற்றுத்தரும் மூன்றில் ஒன்றேனும் ஸ்பைடரிடம் உண்டா? கொள்ளையடித்த நகைகள் உரியவர்களிடம் திரும்பியதைக் காட்டும் ஒரு கட்டத்துக்கு அக்கதையில் என்ன முதன்மை இருக்கிறது? பொழுதுபோக்குக் கதையிடம் மறைக்கல்வியை எதிர்பார்க்கலாமா என்று சிலர் கேட்கலாம். எதிர்பார்க்க வேண்டியதில்லை. ஆனால் மனித இயல்பை எதிர்பார்க்கலாம். வலியில்லாமல் திருந்திய மனிதனை நாம் எவரும் கண்டதில்லை. ஆகவே அவனைக் கதையிலும் நம்ப முடிவதில்லை. கடைசியில் ஸ்பைடரைக் கெடுத்தது வேற்றுக்கிரக எதிரிகளும் நம்பவியலாத எந்திரங்களும் அல்ல. அவன் எதற்கும் விலை கொடுக்காததே அவனைக் கெடுத்தது.

தீயவர் பக்கம் நிற்பவனை எப்படிக் கதையாக்குவது என்பதை நாம் அயல்நாட்டிலிருந்து கற்க வேண்டியதில்லை. செஞ்சி, வல்லம், திண்டிவனம் வட்டாரம் தெருக்கூத்தின் தாய்மண். மேலச்சேரித் திரௌபதியம்மன் வழிபாட்டோடு பிணைந்த பாரதக் கூத்துகளை விடிய விடியப் பார்த்துப் பழகிய மக்கள் நாம். அக்கூத்துகளில் மக்கள் நெஞ்சை உருக்குவது ‘கர்ண மோட்சம்’. கர்ணன் துரியோதனன் பக்கமே நின்று மடிகிறான். திரௌபதி அவமானப்பட்ட அவையில் அவனும் இருந்தான் என்பதைக் கூத்து மறைப்பதில்லை. பொன்னுருவி அவன் பிறப்பை இகழ்வதையும் மறைப்பதில்லை. கட்டியக்காரன் அவனையும் கேலி செய்கிறான். இறுதியில் அவன் தன் புண்ணியம் அனைத்தையும் தானமாக ஈந்து வெறுங்கையனாய்ச் சாகும்போது, கூட்டத்தில் கண்ணீர் விடாதவர் குறைவு. கூத்து அவன் குற்றத்தைக் கழுவவில்லை, அவனை வெறுக்கவும் விடவில்லை. குற்றம் குற்றமாகவே நிற்க, மனிதன் அன்புக்குரியவனாகிறான். இப்பள்ளியில் பயின்ற நம் மக்கள் மாயாவியையும் ஸ்பைடரையும் எளிதில் ஏற்றுக்கொண்டதில் வியப்பில்லை. அதே அளவுகோலை அவர்கள் திரும்ப எடுத்து அளப்பதே முறை.

அவ்வாறு அளந்தால் ரசிகர்களின் இரு கட்சியும் சற்றே இடம் மாற வேண்டியிருக்கும். ஏளனம் செய்வோர், முதல் மாயாவியையும் டாய்ட்ஸ் கதையையும் தொடக்கக் கால ஸ்பைடரையும் மீண்டும் படிக்க வேண்டும். அவற்றில் பெரியவர்களுக்கும் உரிய பொருள் இருக்கிறது. நினைவில் உருகுவோர், தாங்கள் நேசித்தது கதையையா, அதை ஒளித்து வைத்துப் படித்த பாடப்புத்தகத்தையா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டையும் நேசிக்கலாம், ஆனால் பிள்ளைகளின் கையில் கொடுக்கும்போது கதை மட்டுமே போய்ச் சேரும், நம் நினைவு உடன் போகாது.

மறுபதிப்பு வரட்டும். வரும்போது இரண்டு நீதி செய்யப்பட வேண்டும். ஒன்று, குற்றத்திலிருந்து மீட்சிக்கான வழி தெரியும்படி, கதைகள் முதலிலிருந்து மூல வரிசையில் அமைய வேண்டும். நல்லவனாகிவிட்டவனை மட்டும் வெளியிட்டு, அவன் கடந்து வந்ததை விட்டுவிடுவது வாசகனுக்கு இழப்பு. மற்றொன்று, படைத்தவர்களின் பெயர்கள். இங்கிலாந்தில் 2005இலும் 2021இலும் வந்த தொகுப்புகள் பல்மர், பிளாஸ்கோ, கோவன், பன், சீகல் ஆகியோர் பெயர்களைத் தாங்கி வந்தன. வாரந்தோறும் உழைத்தும் பெயரற்றே இருந்தவர்கள் அவர்கள். தமிழில் மொழிபெயர்த்தவர்களும், கட்டங்களுக்குள் அடங்கும்படி எழுத்துகளை வடித்தவர்களும் அப்படியே. நாம் கண்டதெல்லாம் அவர்களுடைய கைகளை மட்டுமே. அம்முகங்களை வெளிச்சத்துக்குக் கொண்டுவருவது, இத்தனை ஆண்டு மகிழ்ச்சிக்கு வாசகர்கள் கொடுக்க வேண்டிய கடன்.