கடல், கண்ணாடி, கட்டுமரம்

லூசியானா என்றதும் அமெரிக்க மாநிலம் என்று நினைத்துவிட வேண்டாம். டென்மார்க்கில், கோபன்ஹேகனுக்கு வடக்கே 35 கிலோமீட்டர் தள்ளி, ஹும்லபெக் என்ற கடலோர ஊரில் 1958-ல் திறக்கப்பட்ட நவீனக் கலை அருங்காட்சியகம் அது. பாலாடைக்கட்டி வணிகம் செய்த க்னுட் யென்சன் வாங்கிய பழைய பங்களாவின் பெயரே அருங்காட்சியகத்துக்கும் ஒட்டிக்கொண்டது. பங்களாவைக் கட்டிய ஆளுக்கு அடுத்தடுத்து வாய்த்த மூன்று மனைவியருக்கும் பெயர் லூயிஸ். (பெண்கள் பெயரில் வீடு, வீட்டின் பெயரில் கலை. இதைத் தனியாகத்தான் எழுதணும்.)

கட்டிடக் கலைஞர்கள் யோர்கன் போவும் வில்ஹெல்ம் வோலெர்ட்டும் பங்களாவை இடிக்கவில்லை. அதிலிருந்து தோட்டத்து மரங்களுக்கு ஊடாகக் கடற்பக்கம் போகிற கண்ணாடித் தாழ்வாரங்களைச் சேர்த்தார்கள். வெள்ளையடித்த செங்கல், மரக்கூரை, எங்கேயும் அதட்டாத உயரம். ஜப்பானிய மரவீடுகளின் சாயல் உண்டு. இயற்கைக்கு முன் கட்டிடம் தன்னை ஒடுக்கிக்கொள்கிறது என்பதே இதைப் பற்றிய வழக்கமான பாராட்டு.

நான் அங்கே போனதில்லை. தரைப்படத்தையும் புகைப்படங்களையும் வைத்தே இந்தக் கட்டிடப் பிரதியை வாசிக்கிறேன். எங்க ஊர் கான்சாபுரம், மலையடிவாரம். தண்ணீர் என்றால் கண்மாயும் பிளவக்கல் அணையும்தான். அம்மாச்சி முதல் தடவை திருச்செந்தூரில் கடலைப் பார்த்துவிட்டு, "இம்புட்டுத் தண்ணி கெடந்து என்னய்யா, ஒரு வயலுக்குப் பாயுமா?" என்றாள். அவளுக்குக் கடல் காட்சியாகவே இல்லை. நின்று பார்ப்பதற்கான கடல் என்பது இயற்கை தந்ததல்ல, பயிற்றுவிக்கப்பட்ட ஒரு பார்வை. லூசியானா செய்வது அந்தப் பயிற்சியைத்தான். ஒரு சிற்பம், ஒரு மரம், ஒரு ஓவியம், மறுபடி மரம் என்று நடத்திக்கொண்டுபோய்க் கடைசியில் நீரிணையின் முன் நிறுத்துகிறது. கடலும் சேகரிப்பில் ஒரு பொருளாகிவிடுகிறது. சுவர், தான் சட்டம் என்பதை ஒத்துக்கொள்ளும். கண்ணாடி ஒத்துக்கொள்ளாது. ஒடுங்கிப்போன கட்டிடத்தின் அதிகாரம் அங்கேதான் இருக்கிறது. ஜியாகோமெட்டியின் மெலிந்த உருவங்கள் கண்ணாடிக்குப் பின்னாலுள்ள ஏரியோடு நிற்கும் அறையின் படத்தைப் பார்த்து நானும் சொக்கிப்போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கடலோரத்து நவீனத்துவம் கண்ணாடியாகத்தான் இருக்கணுமா என்று கேட்டால் பாண்டிச்சேரியைக் காட்டலாம். ஜப்பானில் வேலை செய்துவந்த அன்டோனின் ரேமண்ட் அரவிந்தர் ஆசிரமத்துக்காக வடிவமைத்த கோல்கொண்டே விடுதியின் வேலை 1937-ல் தொடங்கியது. இந்தியாவின் ஆரம்பகாலக் கான்கிரீட் கட்டிடங்களில் முக்கியமானது. அருங்காட்சியகம் அல்ல, தங்குமிடம். சன்னல் கண்ணாடிக்குப் பதில் திருப்பி மூடக்கூடிய கான்கிரீட் பலகைகள். கடல் அங்கே காற்றாக நுழைகிறது, படமாக நுழைவதில்லை.

நம் கரையில் காட்சிக்கு வேறொரு வரலாறு உண்டு. 1985-ல் மெரினாவை அழகுபடுத்துவதற்காகக் கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்ற அரசு முனைந்தது. மீனவர்கள் எதிர்த்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அதே மணலோரத்தில்தான் 1959-லிருந்து தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலை நிற்கிறது. பாறையை நெம்பும் நான்கு வெண்கல உடம்புகளால் காட்சி கெடவில்லை. வலை இழுக்கும் உடம்புகளால் கெட்டுவிட்டது! 2023-ல் லூப் ரோட்டு மீன்கடைகளை அகற்றக் கிளம்பியபோதும் தகராறு இதுதான்: கரை யாருக்கு வேலையிடம், யாருக்குப் பார்வையிடம்?

ராய் சௌத்ரிக்குப் பின் சென்னை ஓவியக் கல்லூரிக்குத் தலைமையேற்றவர் கே.சி.எஸ். பணிக்கர். 1966-ல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டல் கலைஞர் கிராமம் அவர் முன்கையில் உருவானது. பாத்திக் துணி மாதிரியான கைவினைப் பொருட்களை விற்ற காசில் கலைஞர்களே நிலம் வாங்கி வீடு கட்டிக்கொண்டார்கள். அங்கே நவீனத்துவம் முதலில் கட்டிட பாணியாக வரவில்லை, பிழைப்புக்கான ஏற்பாடாக வந்தது. யென்சனின் பங்களாவோடு ஒப்பிட்டால் எதிர்த்திசைப் பயணம். அங்கே பணமும் சேகரிப்பும் முதலில். இங்கே பட்டறையும் அடுப்பும் முதலில். அருங்காட்சியகம் வர 2009 ஆகிவிட்டது, அதாவது 43 வருஷம்.

அந்த அருங்காட்சியகம் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் இருக்கிறது. கூடத்துக்குள் நின்றால் கடல் தெரியவில்லை. கூட வந்த நண்பர், "இவ்வளவு பக்கத்துல கடலை வச்சுக்கிட்டு ஒரு சன்னல்கூடவா?" என்று அலுத்துக்கொண்டார். எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. திரும்புகிற வழியெல்லாம் 'சீ வியூ' என்று வீட்டுமனை விளம்பரங்களைப் பார்த்தபோது எண்ணம் மாறியது. லூசியானாவின் கண்ணாடி இந்தச் சாலையில் சதுரஅடிக் கணக்கில் விற்பனைக்கு வந்துவிட்டது. 1991-ன் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிப்பும் அதைத் தொட்டு வந்த திருத்தங்களும் தனிக் கதை. இந்தச் சந்தைக்கு நடுவில், கடலைத் தன் சேகரிப்பில் சேர்க்காத ஒரு மொட்டைச் சுவரை நான் குறையாகச் சொல்லமாட்டேன். என் குறை வேறு. பட்டறையில் பிறந்த வேலைகள் வெள்ளைச் சுவருக்கு வந்ததும் நிலம், காசு, சமையல், சண்டை எல்லாவற்றையும் உதறிவிட்டு வெறும் 'படைப்புகள்' ஆகிவிடுகின்றன. அந்த 43 வருஷம் சுவரில் இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம் சந்து வழியாகக் கரைக்குப் போனேன். வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்த பெரியவரிடம், மியூசியம் உள்ளே போயிருக்கீங்களா அய்யா என்று கேட்டேன்.

"வாசல் ரோட்டாண்ட கீது. நமக்கு வேல இந்தாண்ட."

எந்த ஊர் என்று விசாரித்தார். ராஜபாளையம் பக்கம் என்றேன். நாய்க்குட்டி என்ன விலை போகுது என்று கேட்டார்.