இரண்டு களத்தூர்கள்

களம் என்பது நெல்லடிக்கும் இடம். ஊரார் தத்தம் கதிரைக் கொணர்ந்து போரடித்து, மணியை அள்ளிக்கொண்டு செல்லும் பொது இடம். அச்சொல்லைப் பெயரில் தாங்கிய இரண்டு ஊர்கள் சில நாள்களாக என் சிந்தையை விட்டகலவில்லை. ஒன்று, தாம்பரத்துக்கும் வண்டலூருக்கும் இடையே, பெருஞ்சாலையையும் இருப்புப் பாதையையும் ஒட்டி அமைந்த பெருங்களத்தூர். மற்றொன்று, பெரம்பலூர் மாவட்டத்து வி.களத்தூர். முன்னதில் நாம் சிலர். பின்னதில் நாம் பலர். ஊரின் பொது இடம் யாருக்குரியது என்ற வினாவுக்கு இவ்விரண்டு ஊர்களிலும் நாம் ஒரே விடையைத்தான் சொல்கிறோமா? இதை நம்மை நாமே கேட்டுக்கொள்ளவே இக்கட்டுரை.

வயலும் ஏரியுமாக இருந்த பெருங்களத்தூர் இன்று மனைகளும் மாடிகளுமாக நிறைந்துவிட்டது. பேரூராட்சியாக விளங்கிய அது, 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து உருவான தாம்பரம் மாநகராட்சியின் 70 வார்டுகளுக்குள் அடங்கிற்று. எந்த நிலத்தில் என்ன எழும்பலாம் என்பதைச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் 2008இல் நடைமுறைப்படுத்திய இரண்டாம் முழுமைத் திட்டம் வகுத்துரைத்தது. குடியிருப்பு, வணிகம், தொழில், நிறுவனம், வேளாண்மை என்று அதன் வரைபடம் வண்ணம் வண்ணமாகப் பிரிந்திருக்கும். அவ்வண்ணங்களில் எதற்கும் மதம் இல்லை. அது நல்லதே. ஆயினும் வரைபடத்தில் இல்லாத மதம், கட்டட விதிகளின் ஒரு வாக்கியத்தில் வந்து அமர்ந்துகொண்டது.

பேரூராட்சிகளையும் ஆண்டுவந்த 1972ஆம் ஆண்டு நகராட்சிக் கட்டட விதிகளிலும், 1997ஆம் ஆண்டு ஊராட்சிக் கட்டட விதிகளிலும் அவ்வாக்கியத்தைக் காணலாம். வழிபாட்டுக்குரிய கட்டடம் எழுப்ப மாவட்ட ஆட்சியரின் முன் ஒப்புதல் வேண்டும். அந்த இடத்தின், கட்டடத்தின் பயன்பாடு பொது அமைதிக்குக் கேடு விளைக்கக்கூடும் என்று அவர் கருதினால் ஒப்புதலை மறுக்கலாம் என்பது அதன் சாரம். கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் பள்ளிவாசலுக்கும் அது பொது. அனுமதி கேட்பதில் நமக்கு மனத்தாங்கல் இல்லை. வாகன நெரிசல் என்று சொல்லி மறுத்தாலும், ஏரிப் புறம்போக்கு என்று சொல்லி மறுத்தாலும் அவற்றில் நியாயம் உண்டு.

நம் ஐயம் வேறு. அவ்வாக்கியத்தை ஓர் இலக்கணப் பிள்ளையின் கண்கொண்டு படித்துப் பாருங்கள். அமைதியைக் கெடுப்பதாகச் சொல்லப்படும் எழுவாய் எது? கட்டடம்! தொழுகைக்கூடம் தானே எழுந்து சென்று எவர் கதவையும் தட்டுவதில்லை. அதை விரும்பாத ஒருவர் கூச்சலிட்டால்தான் அமைதி குலைகிறது. அந்த ஒருவர் வாக்கியத்தில் இல்லவே இல்லை. கல்லெறியக் கூடியவனை விட்டுவிட்டு, கல் விழக்கூடிய சுவரைக் குற்றவாளியாக்கும் வாக்கியம் இது. எவன் உரக்கக் கோபிக்கிறானோ அவனுடைய கோபமே அளவுகோலாகிவிடுகிறது. 2019இல் மாநிலம் முழுமைக்குமான ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்தன. விதிநூல் மாறினாலும், "அமைதி" என்ற சொல்லை எதிர்ப்பு மனுவின் கையெழுத்துகளைக் கொண்டு அளக்கும் மனப்பழக்கம் மாறினாலன்றிப் பயனில்லை.

புறநகரின் புதிய நகர்களில் வாழும் நம் குடும்பங்களுக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. வேலை நிமித்தம் வந்து குடியேறியவர்கள், ஜும்ஆவுக்கும் தராவீஹுக்கும் ஓர் இடம் தேடுகிறார்கள். மய்யித்தை அடக்கவோ இன்னும் தொலைவு செல்ல நேர்கிறது. பெரிய மனைப்பிரிவுகளில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக ஒதுக்கவேண்டும் என்று விதி உண்டு. பூங்காவுக்கு இடம் உண்டு. அடக்கத்தலத்துக்கு யார் இடம் ஒதுக்கினார்? குடியிருப்பிலிருந்து 90 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்று 1999ஆம் ஆண்டின் ஊராட்சி விதிகள் கூறின. அது சுகாதாரத்துக்கு ஏற்றதே. ஆனால் வீடுகள் நெருங்கிவிட்ட பிறகு அந்த 90 மீட்டரை எங்கே தேடுவது? மனை பிரிக்கும் நாளிலேயே எண்ணியிருக்க வேண்டிய காரியம், இறப்பு நேர்ந்த நாளில் பிணக்காக வெடிக்கிறது.

இவ்வளவும் பெருங்களத்தூரில் நின்று நாம் சொல்லும் நியாயம். இனி வி.களத்தூருக்குச் செல்வோம்.

அவ்வூரில் 2011 வரை கோயில் திருவிழா ஊர்வலங்கள் தெருக்கள் வழியே தடையின்றிச் சென்றுவந்தன. 2012 முதல் நம்மவர் எதிர்ப்புத் தெரிவித்தனர். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் சென்றது. நீதிபதிகள் கிருபாகரன், வேல்முருகன் ஆகியோர் 2021இல் தீர்ப்பளித்தனர். ஒரு பகுதியில் ஒரு சமயத்தார் பெருகி வாழ்கிறார்கள் என்பதால் மட்டும், பிற சமயத்தாரின் விழாவையோ ஊர்வலத்தையோ தடுக்க இயலாது என்பது அதன் முடிவு. நம்மில் பலருக்கு அத்தீர்ப்பு கசந்தது. கசந்தாலும் சொல்லத்தான் வேண்டும்: முடிவு சரியானது.

தீர்ப்பின் வாதங்கள் இரண்டு. தெரு எவருக்கும் தனியுடைமை அன்று என்பது முதலாவது. சாதி, சமயம் பாராது தெருக்கள் யாவர்க்கும் திறந்திருக்க வேண்டும் என்ற 1920ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டத்தின் 180-ஏ பிரிவு அதற்குத் துணை. எதிர்ப்பை ஏற்றால் நாட்டின் பெரும்பாலான பகுதிகளில் சிறுபான்மையினர் எந்த விழாவும் நடத்த இயலாமற் போகும் என்ற எச்சரிக்கை இரண்டாவது. முதல் வாதம் பாறை போன்றது. இரண்டாவது உண்மையே எனினும், அதில் எனக்கு ஒரு குறை உண்டு. நம் உரிமை, நாம் பிறருக்குக் காட்டும் தயவுக்குக் கிடைக்கும் கைம்மாறு போல் அதில் தோன்றுகிறது. ஓர் ஊரில் நாம் தவறினால் இன்னோர் ஊரில் நம் பிள்ளைகளின் உரிமை குறையுமா? குறையக்கூடாது. உரிமை என்பது நன்னடத்தைப் பரிசு அன்று.

ஆயினும் உரிமையை வாய்திறந்து கேட்பதற்கு ஒரு தகுதி வேண்டாமா? பெருங்களத்தூரில், "அண்டை வீட்டாரின் கோபம் அளவுகோலாகாது" என்கிறோம். வி.களத்தூரில் நம் கோபத்தையே அளவுகோலாக நீட்டினோம். இதில் சமயத்துக்கு வேலையே இல்லை. எண்ணிக்கை தரும் செருக்கே வேலை செய்கிறது. பொதுத்தெருவில் சமய ஊர்வலம் செல்லும் உரிமையை 1924இல் பிரிவி கவுன்சில் உறுதிசெய்த வழக்கை எண்ணிப் பாருங்கள். அவ்வழக்கின் இரு தரப்பாரும் முஸ்லிம்களே! ஷியாக்களின் முஹர்ரம் ஊர்வலம் பள்ளிவாசலருகே செல்வதைச் சுன்னிகள் எதிர்த்ததால் எழுந்தது அது.

இன்னொரு குறையையும் மறைப்பதற்கில்லை. முதலில் கட்டிவிடுவோம், அனுமதியைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்ற வழக்கம் எல்லாச் சமயத்தாரிடமும் உண்டு, நம்மிடமும் உண்டு. கோயம்பேட்டில் பெருநகர வளர்ச்சிக் குழும நிலத்தில் அனுமதியின்றி எழுந்த பள்ளிவாசலை அகற்ற உயர்நீதிமன்றம் இட்ட ஆணையை 2024இல் உச்சநீதிமன்றமும் உறுதிசெய்தது. மதீனாவில் பள்ளிவாசலுக்குரிய நிலம் சஹ்ல், சுஹைல் என்னும் இரு அனாதைச் சிறுவர்களுடையது. இலவசமாகவே தர முன்வந்தும், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விலை கொடுத்தே பெற்றார்கள். அந்த முன்மாதிரியைப் பெற்ற சமுதாயம், பிறர் நிலத்தில் சுவர் எழுப்பிவிட்டு நீதிமன்ற வாசலில் நிற்கலாமா?

"நமக்கென்று தனிப் பகுதி இருந்தால் தொல்லையில்லை" என்பாரும் நம்மில் உளர். அவர்கள் குஜராத்தைப் பார்க்கட்டும். கலவரப் பகுதி என அறிவிக்கப்பட்ட இடங்களில் ஆட்சியரின் அனுமதியின்றி வீடு, மனை விற்கலாகாது என்று 1991இல் அங்கே சட்டம் செய்தார்கள். மிரட்டலுக்கு அஞ்சி மலிவாக விற்றுச் செல்வதைத் தடுப்பதே அதன் நோக்கமாகச் சொல்லப்பட்டது. நாளடைவில் அது இந்துவும் முஸ்லிமும் அடுத்தடுத்து வாழ்வதற்கே தடையாயிற்று என்ற குறை வலுத்தது. பாதுகாப்புக்கென எழுந்த வேலி சிறைச் சுவராக நெடுநாள் ஆவதில்லை.

எனவே செய்யத்தக்கது யாது? மாநகராட்சியின் வார்டுக் குழுவுக்கும் பகுதி சபைக்கும் 2022இல் விதிகள் வகுக்கப்பட்டன. 2026 முதல் 2046 வரைக்கான மூன்றாம் முழுமைத் திட்டத்துக்கு மக்கள் கருத்தும் கேட்கப்பட்டது. இத்தகைய அவைகளில் நம் ஜமாஅத்தார் எத்தனை பேர் எழுந்து, அடக்கத்தலத்துக்கு இடம் ஒதுக்குக என்று எழுத்தில் கேட்டோம்? பள்ளிவாசலுக்கு மனுப் போடும்போது மட்டும் அலுவலகப் படியேறினால், அண்டை வீட்டார் நம்மை முதன்முதலாக எதிர்மனுதாரராகவே சந்திப்பர். கழிவுநீருக்கும் தெருவிளக்குக்கும் ஏரிக்கரைக்கும் அவர்களோடு சேர்ந்து முன்பே படியேறியிருந்தால், நம் மனுவைப் படிக்கும் கண்ணே வேறாக இருக்கும்.

வி.களத்தூரில் ஊர்வலம் வரும் நாளில் நம் வீட்டு வாசலில் நின்று வழிவிடுவோம். பெருங்களத்தூரில் நம் மனுவை நிமிர்ந்து நின்று நீட்டுவோம். களத்தில் கதிரடிக்க எவனும் எவனிடமும் இரவல் கேட்டதில்லை.