குளத்தடிக் கழகமும் வங்கியடி மன்றமும்

இலங்கையில் இளம் விவசாயிகள் கழகம் என்பது பெயர்ப்பலகையும் முத்திரையும்தான், கிராமத்துப் பிள்ளைகளை ஆளாக்கும் கழகங்களைப் பார்க்க வேண்டுமென்றால் தமிழ்நாட்டுக்குப் போக வேண்டும் என்றொரு பேச்சு நம்மிடையே உலவுகிறது. களப்பயணம் போய் வந்தவர்கள் அதைக் கொஞ்சம் கூடுதல் சத்தமாகவே சொல்கிறார்கள். பயிற்சி மண்டபம், காளான் கொட்டில், சான்றிதழோடு வரிசையில் நிற்கும் இளைஞர் என்று அவர்கள் காட்டும் படங்களில் பொய்யில்லை. அளக்கும் கோலில்தான் கோளாறு. நாலு பேர் முன் பேசுவது, கணக்கு ஒப்புவிப்பது, தனக்குப் பிடிக்காத முடிவுக்கும் கட்டுப்படுவது ஆகியவை வாழ்க்கைத் திறன்கள் என்றால், இங்கே அவற்றைக் கற்பித்தது குளம்.

கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்துச் சிறுபோகக் கூட்டத்தை எடுத்துக்கொள்வோம். குளத்தின் கீழ் 20,000 ஏக்கருக்கு மேல் வயல் இருந்தாலும் சிறுபோகத்தில் எல்லாவற்றுக்கும் தண்ணீர் காணாது. எத்தனை ஏக்கர் செய்வது, எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு பங்கு, முதல் தண்ணீர் எப்போது, விதைப்புக்குக் கடைசித் திகதி எது, மூன்று மாத நெல்லா மூன்றரை மாத நெல்லா, கட்டாக்காலி மாடுகளை எப்போது அப்புறப்படுத்துவது என்பதெல்லாம் அரசாங்க அதிபர் தலைமையில், நீர்ப்பாசனப் பொறியியலாளரை முன்னால் வைத்துக்கொண்டு, கமக்காரர் வாய்விட்டுப் பேசித் தீர்ப்பவை. பிந்தி விதைத்தவனுக்குக் கதிர் பால் பிடிக்கும் வேளையில் வாய்க்கால் வற்றிவிடும். ஆகவே தீர்மானம் தாளோடு நின்றுவிடுவதில்லை. வயலுக்குத் தண்ணீர் பங்கிட்ட வட்டவிதானை காலத்து வழக்கம் இது. பிலிப் குணவர்தன கொண்டுவந்த 1958 நெற்காணிச் சட்டம் பயிர்ச்செய்கைக் குழுக்களை அமைத்தது. இன்றைய கமக்காரர் அமைப்புகள் 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் பதிவாகின்றன. விவசாயப் போதனாசிரியர் கூட்டும் இளையோர் கழகம் இந்தப் பழக்கத்துக்குள்தான் பிறக்கிறது. அதன் செயலாளராக வரும் பிள்ளை சென்ற கூட்ட அறிக்கையை வாசித்து, ஒருவர் முன்மொழிய இன்னொருவர் வழிமொழியக் கையொப்பம் வாங்கி, வாய்க்கால் துப்புரவுச் சிரமதானத்துக்கு வராதவர் பெயரைக் கொப்பியில் எழுத வேண்டும். வராதவர் சொந்த மாமாவாக இருந்தாலும் எழுத வேண்டும். இதற்கு ஈடான பயிற்சியை எந்தக் கைநூலும் தந்துவிடாது.

தமிழ்நாட்டு உழவர் மன்றம் பிறந்த இடம் வங்கி. இந்தியாவின் விவசாய, கிராம வளர்ச்சி வங்கியான நபார்டு 1982 நவம்பர் 5 இல் விகாஸ் வாலன்டியர் வாஹினி என்று தொடங்கிய திட்டமே 2005 இல் உழவர் மன்றத் திட்டமாகப் பெயர் மாறியது. ஆகக் குறைந்தது 10 பேர் சேர வேண்டும். கடனை அறிவியல் முறைப்படி பயன்படுத்துவது, அதன் நிபந்தனைகளை மதிப்பது, திறமையாக உழைப்பது, கூடுதல் வருமானத்தில் ஒரு பங்கைச் சேமிப்பது, தவணையை நேரத்துக்குக் கட்டுவது என்பவை அதன் ஐந்து நெறிகள். நல்ல நெறிகள்தான், ஆனால் பக்கத்து வயல்காரன் அவற்றில் எங்கும் இல்லை. பயிற்சிக்கும் அங்கே குறைவில்லை. இந்தியாவின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974 இல் புதுச்சேரியில், கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் தொடங்கியது. இளைஞரை விவசாயத்தில் நிறுத்துவதற்கென்றே 2015 இல் ஆர்யா என்ற திட்டமும் வந்தது. நமது விவசாயப் போதனாசிரியருக்கு அங்கே உதவி வேளாண்மை அலுவலர் என்று பெயர். கமக்காரர் என்றால் அங்குள்ளவர்களுக்கு விளங்கப்படுத்த வேண்டும்.

ஊரார் கூடி ஏரி வாய்க்காலைச் செப்பனிடும் குடிமராமத்து எங்களுடையது, பாசனத்தை விவசாயிகளே நிர்வகிக்க 2000 இல் சட்டம் இயற்றி நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் அமைத்தோம், மேட்டூர் பாயும் 16 இலட்சம் ஏக்கருக்கு மண்டபத்தில் கூட்டம் போட முடியுமா என்று அவர்கள் கேட்கலாம். முடியாதுதான். யூன் 12 இல் மேட்டூர் திறக்குமா என்பதைச் சென்னை சொல்ல வேண்டும். அதற்கு முன் கர்நாடகத்து மழை சொல்ல வேண்டும். முடிவு கையில் இல்லாத இளைஞனுக்குப் பயிற்சிதானே மிஞ்சும்? ஏரிப் பாசன ஊர்களில் நிலைமை வேறாக இருக்கக்கூடும். அங்குள்ள மன்றங்களைப் பற்றி நமக்கு எட்டுவது பெரும்பாலும் ஆண்டறிக்கைகளும் படங்களுமே. நாம் பெருமைப்படும் சிரமதானத்திலும் இந்தியக் கடன் உண்டு. 1958 இல் ஏ. ரி. ஆரியரத்ன நாளந்தாக் கல்லூரி மாணவரோடு கனத்தொலுவைக் கிராமத்துக்குப் போய்த் தொடங்கிய இயக்கம் சர்வோதயம் என்ற பெயரைக் காந்தியிடமிருந்து எடுத்துக்கொண்டது. மண்வெட்டி பிடித்தது நம் பிள்ளைகள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

உங்கள் கூட்டத்தில் பேசி என்ன கண்டீர்கள், 2021 மே மாதத்தில் இரசாயன உரத்தைத் தடை செய்தபோது எந்தக் கமக்காரர் அமைப்பைக் கேட்டார்கள் என்பது இன்னும் கனமான கேள்வி. கேட்கவில்லைதான். அந்த அமைப்புகளின் ஆட்களும் தெருவுக்கு இறங்கினார்கள். நவம்பரில் தடை விலகியது. பேசிப் பழகிய வாய் அடங்கிக் கிடக்கவில்லை. 2009 இல் போர் முடிந்த பின், பற்றைக்காடாகிக் கிடந்த வன்னி ஊர்களுக்குத் திரும்பியவர்கள் தகரக் கொட்டிலில் புதுக் கொப்பியோடு கமக்காரர் அமைப்பையும் மாதர் சங்கத்தையும் மறுபடி கூட்டியதும் அந்தப் பழக்கத்தின் பலத்தில்தான். நாலு பேர் கூடினாலே சந்தேகத்தோடு பார்க்கப்பட்ட காலம் அது. இந்தக் கெட்டித்தனத்தை அளக்க அக்கரையில் சான்றிதழ் இல்லை. ஆனால் பணத்தைப் பற்றிய பாடத்தில் நாம் பின்தங்கியவர்கள். நுண்நிதிக் கடன் வடக்கு, கிழக்குக் கிராமங்களில் பெண்களை நெருக்கியபோது வட்டியைக் கணக்கிட்டுக் காட்ட நமது கழகங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. நபார்டின் ஐந்து நெறிகளைத் தமிழ்நாட்டுச் சரக்கு என்று ஒதுக்கும் நிலையில் நாம் இல்லை.

இவற்றையெல்லாம்விடப் பெரிய ஓட்டை காணியில் இருக்கிறது. 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் குடியேற்றத் திட்டங்களில் கிடைத்த வயலுக்குப் பொதுவாக ஒரு பிள்ளையே பின்னுரித்தாளர். மற்றப் பிள்ளைகள் கழகத்தில் அறிக்கை வாசிக்கலாம், மண்வெட்டி பிடிக்கலாம். ஏக்கர் பங்கிடும்போது அவர்களின் பேச்சு எடுபடாது. குத்தகைக்குச் செய்யும் இளைஞனுக்கும் தாயின் வயலைப் பார்க்கும் மகளுக்கும் கழகத்தின் பேரில் சிறுபோகக் கூட்டத்தில் இரண்டு கதிரை ஒதுக்கலாம். அதற்கு எந்தத் திட்ட நிதியும் வேண்டியதில்லை.