கல்வெட்டுத் தரவுத்தள வடிவமைப்பில் அழித்தெழுதாமை நெறி: உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பெருந்தொகையான அறிவியல் தரவுகளைச் சேமிக்கும் தரவுத்தளங்களில் மூலத்தரவை அழித்தெழுதாமை அடிப்படை நெறியாகக் கருதப்படுகிறது. தமிழ்க் கல்வெட்டுகளுக்கான தரவுத்தளத்திற்கும் இந்நெறி இன்றியமையாதது என்பதை உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் இரண்டின்வழி இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: உத்திரமேரூர், கல்வெட்டியல், மைப்படி, தரவுத்தளம், அழித்தெழுதாமை.

முன்னுரை

காஞ்சிபுரம் மாவட்டம், உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்த சபைத் தீர்மானங்கள் இரண்டு பொறிக்கப்பட்டுள்ளன. குடவோலை முறையை விரிவாகக் கூறும் இவற்றை வெங்கையா இந்தியத் தொல்லியல் துறையின் 1904-05ஆம் ஆண்டறிக்கையில் பதிப்பித்தார். அச்சில் நிலைபெற்ற இத்தகைய பாடங்கள் இன்று கணினிக்கு மாற்றப்படும் சூழலில், எதை, எந்த அமைப்பில் சேமிப்பது என்பது தொழில்நுட்பச் சிக்கல் மட்டுமன்று. ஆய்வுநெறிச் சிக்கலும் ஆகும்.

தரவின் அளவு

ஒரு சதுர மீட்டர் மைப்படியை அங்குலத்திற்கு 600 புள்ளிகள் எனும் செறிவில் கருவெள்ளைச் சாயல்களுடன் வருடினால், அப்படிமம் ஏறத்தாழ 558 மெகாபைட் இடம் கொள்ளும். இத்தகைய படிகள் 50,000 எனக் கொண்டால் 28 டெராபைட் தேவை. மாறாக, ஒரு கல்வெட்டின் பாடத்திற்குச் சராசரியாக 10 கிலோபைட் என வைத்தாலும், 50,000 பாடங்களும் 500 மெகாபைட்டில் அடங்கிவிடும். அதாவது, பாடங்கள் முழுவதும் ஒரேயொரு மைப்படிப் படிமத்தின் அளவுக்குள் முடிந்துவிடுகின்றன. படிமம் அளவில் பெரிது, ஆனால் மாறாதது. பாடம் அளவில் சிறிது, ஆனால் மாறிக்கொண்டே இருப்பது. ஆகவே இரண்டையும் ஒரே அமைப்பில் வைப்பது பொருந்தாது.

வானியல் துறை இவ்வேறுபாட்டை முன்னரே உணர்ந்தது. ஜிம் கிரே, அலெக்ஸ் சாலே ஆகியோர் பங்காற்றிய ஸ்லோன் விண்ணளவைத் திட்டத்தில் படிமங்கள் கோப்புகளாகவும், அவற்றிலிருந்து பெறப்பட்ட விண்பொருள் பட்டியல் உறவுமுறைத் தரவுத்தளமாகவும் பிரித்து வைக்கப்பட்டன. புதிய வெளியீடு வந்த பின்னரும் பழைய வெளியீடுகள் அகற்றப்படவில்லை.

அழித்தெழுதாமை

ஸ்டோன்பிரேக்கர் உள்ளிட்டோர் 2009இல் அறிவியல் தரவுத்தளங்களின் தேவைகளைத் தொகுத்தபோது, அழித்தெழுதாமை, தரவின் தோற்றவழியைப் பதிதல், ஐயப்பாட்டையும் தரவாக ஏற்றல் ஆகியவற்றை வலியுறுத்தினர். உத்திரமேரூர்ச் சுவரில் முதல் நெறி கல்லிலேயே காணக்கிடக்கிறது. 12ஆம் ஆட்சியாண்டுத் தீர்மானம் வாரியத்திற்குரியோரின் வயதை 30க்கு மேல் 60க்குள் என வரையறுத்தது. இரண்டாண்டுகளுக்குப் பின் அது 35க்கு மேல் 70க்குள் எனத் திருத்தப்பட்டது. கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் வேண்டும் எனும் தகுதியிலும், ஒரு வேதமும் ஒரு பாடியமும் கற்றவர்க்கு அரைக்கால்வேலி போதும் எனும் தளர்வு பிந்தைய தீர்மானத்தில் உள்ளது. ஆயினும் முந்தையது கல்லிலிருந்து நீக்கப்படவில்லை. திருத்தம் நிகழ்ந்தது என்பதை அறிய முடிவதே இதனால்தான்.

பொதுவழக்கில் குடவோலை முறையின் தகுதியாக 35 முதல் 70 வரை எனும் வரம்பே பெரிதும் எடுத்துரைக்கப்படுகிறது. ‘வயது’ எனும் ஒரே புலத்தில் ஒரே மதிப்பை ஏற்கும் தரவுத்தளமும் இப்பிழையையே நிலைப்படுத்தும். சபை தன் விதியைத் தானே மறுபரிசீலனை செய்த வரலாறு அதில் மறைந்துபோகும்.

ஒற்றைப் பாடத்தின் குறை

கி.பி. 919 எனும் ஆண்டு கல்லில் இல்லை. ‘மதிரை கொண்ட கோப்பரகேசரி’ என்பவன் பராந்தகன் எனும் அடையாளம், அவன் 907இல் அரியணை ஏறினான் எனும் கணிப்பு, 12 எனும் ஆட்சியாண்டு ஆகிய மூன்றும் சேர்ந்தே 919ஐத் தருகின்றன. இறுதி எண் மட்டும் சேமிக்கப்படின், முதலிரண்டில் ஒன்று திருத்தப்படும்போது எந்தெந்தப் பதிவுகள் மாறவேண்டும் என்பதைக் கணினி அறியாது.

எழுத்துநிலையிலும் இதுவே நிலை. இடைக்காலக் கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளியில்லை. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடும் இல்லை. பதிப்பாசிரியர் இடும் புள்ளி ஒரு விளக்கமே, மூலம் அன்று.

கராஷிமா, சுப்பராயலு, மட்சுயி ஆகியோர் 1978இல் வெளியிட்ட சோழர் கல்வெட்டுப் பெயரடைவு கணினிவழிக் கல்வெட்டாய்வின் முன்னோடி. சோழர் காலச் சமூக ஆய்வுக்கு அது அளித்த பயன் பெரிது. எனினும் அது அச்சான பாடங்களிலிருந்து பெயர்களைத் தொகுத்த அடைவு. வாசிப்பு திருந்தினால் அடைவு தானே திருந்தாது. அன்று தவிர்க்கவியலாத அவ்வரம்பை இன்றைய வடிவமைப்பும் தொடர்வதற்குக் காரணம் இல்லை.

முடிவுரை

கல்வெட்டுத் தரவுத்தளம் மூன்று அடுக்குகளாக அமைதல் வேண்டும். முதலடுக்கில் மாறாத படிமம்; இரண்டாவதில் வாசித்தவர் பெயரும் நாளும் கொண்ட பாடங்கள், ஒன்றையொன்று அழிக்காமல்; மூன்றாவதில் ஆண்டு, ஊர், ஆள் பற்றிய முடிபுகள், அவற்றின் சான்றுகளுடன். பழைய பதிவுகளில் ‘உத்தரமல்லூர்’ எனவும் வழங்கும் ஊர்ப்பெயர் போன்றவை ஒரே நிலையான அடையாள எண்ணின்கீழ் இணைக்கப்படல் வேண்டும். எல்லாப் பாடங்களையும் பேணினால் இடம் போதாது எனும் தடை எழலாம். ஒவ்வொரு கல்வெட்டிற்கும் பத்துப் பாடங்கள் இருப்பினும் மொத்தம் 5 ஜிகாபைட்டே என்பதால் அத்தடை நிற்காது. பழைய வாசிப்பு அழிந்தபின் அதனை மறுக்கவோ மீட்கவோ பின்வரும் ஆய்வாளர்க்கு வழியிராது என்பதே இவ்வடிவமைப்பில் கருதத்தக்க இழப்பாகும்.