ஒளிந்த வயர்கள்

தொலைக்காட்சிப் பெட்டியைச் சுவரில் மாட்டி, வயர்களையெல்லாம் சுவருக்குள்ளேயே மறைத்துவிட்ட ஒரு கூடத்துக்குள் நுழைகிறவர்கள், 'அடடா, எவ்வளவு துப்புரவு!' என்று சொல்லாமல் இருப்பதில்லை. நானும் சொல்லியிருக்கிறேன். ஒரு நாவலைப் படித்து முடித்து 'பிரமாதம்' என்று சொல்லிவிடுவது எப்படி விமரிசனம் ஆகாதோ, அப்படியே இதுவும் ஆகாது. எப்படி மறைத்திருக்கிறார்கள், பின்னால் வருகிறவனுக்கு என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேட்கவேண்டும்.

எங்கள் பழைய வீட்டில் சுவரின்மேல் மரப்பட்டை அடித்து, அதில் கிளிப்பு வைத்து வயர் ஓட்டியிருந்தது. அழகு என்று சொல்ல மாட்டேன். ஒட்டடை படியும்; பல்லிக்கு அது ராஜபாட்டை. ஆனால் விளக்கு எரியாவிட்டால், சுவிட்சிலிருந்து கண்ணாலேயே வயரைத் தொடர்ந்து போய்விடலாம். சுவர் எதையும் நம்மிடம் ஒளிக்கவில்லை.

இதை ஒரு சித்தாந்தமாகவே ஆக்கிக்கொண்ட கட்டடமும் உண்டு. 1977-ல் பாரிஸில் திறக்கப்பட்ட பாம்பிடு மையம். ரென்ஸோ பியானோவும் ரிச்சர்ட் ரோஜர்ஸும் குழாய்களையும் குழல்களையும் வெளியே கொண்டுவந்து வர்ணம் அடித்துவிட்டார்கள்: காற்றுக்கு நீலம், தண்ணீருக்குப் பச்சை, மின்சாரத்துக்கு மஞ்சள், மனிதர்கள் ஏறி இறங்கும் வழிக்குச் சிவப்பு. துணிச்சலான காரியம்தான். ஆனாலும் எல்லாவற்றையும் காட்டுகிறேன் என்பதிலும் ஒரு நடிப்பு இருக்கிறது. வீட்டுக் கூடத்தில் அந்த நடிப்பு வேண்டியதில்லை. மறைப்பதை நான் ஆட்சேபிக்கவில்லை.

என் ஆட்சேபணை வேறு. புது வீட்டுக்கு வந்த இரண்டாம் மாதம், காலமான அப்பாவின் படத்தை மாட்டுவதற்காகக் கூடத்துச் சுவரில் துளை போட்டேன். தொலைக்காட்சிப் பெட்டிக்கு நாலு அடி தள்ளி, சுவிட்சுப் பலகைக்கும் வெகு தூரத்தில், வெறும் சுவர். துளைக்கருவி உள்ளே போனதும் வீடு முழுவதும் இருண்டது. கசிவுக்குத் துண்டிக்கும் சுவிட்சு தன் வேலையைச் செய்ததால்தான் இன்றைக்கு இந்தக் கட்டுரை எழுதுகிறேன். காரையைப் பெயர்த்துப் பார்த்தால், பலகையிலிருந்து பெட்டிக்கு வயர் கோணலாக, குறுக்குவழியில் போயிருக்கிறது. மிச்சம் பிடித்தது இரண்டடிக் குழாய் இருக்கும். மேலே பூச்சு மட்டும் கண்ணாடி மாதிரி!

இங்கிலாந்தில் இதற்கு ஒரு விதி வைத்திருக்கிறார்கள். தனிக் காப்பு இல்லாமல், ஐம்பது மில்லிமீட்டருக்குக் குறைந்த ஆழத்தில் வயர் போனால், அது சுவிட்சுக்கோ பிளக்குக்கோ நேர் மேலே, நேர் கீழே, அல்லது நேர் பக்கவாட்டில்தான் போகவேண்டும். இல்லையென்றால் சுவர்கள் சேரும் மூலையை ஒட்டி, அல்லது கூரையை ஒட்டி. எனக்கு இது மின்சார விதியாகத் தோன்றவில்லை, இலக்கண விதியாகத் தோன்றுகிறது. வயர் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் சுவிட்சைப் பார்த்தவன் வயரை ஊகிக்கலாம். நல்ல கதையில் சொல்லாமல் விட்ட விஷயத்தை வாசகன் ஊகித்துக்கொள்வதுபோல. கோணல் வயர் என்பது ஆசிரியனே மறந்துபோன மர்மம்.

சுவரைக் கொத்துவதற்கும் அங்கே அளவு உண்டு. செங்குத்தாகக் கொத்தினால் சுவரின் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆழம் போகக்கூடாது. கிடையாக என்றால் ஆறில் ஒரு பங்கு. நம் ஒன்பது அங்குலச் சுவரில் மூன்று அங்குலம் செங்குத்தாக இறங்கலாம். இரண்டு அங்குலக் குழாய் சௌகரியமாக அடங்கும். அறைகளைப் பிரிக்கும் நாலரை அங்குலச் சுவரில் ஒன்றரை அங்குலம்தான் கிடைக்கும். அந்தச் சுவரில் வயரை வெளியே விட்டு, மேலே ஒரு பிளாஸ்டிக் பட்டை வைத்துச் சுவரின் வர்ணத்தையே அடித்துவிடுவதுதான் ரஸனை என்பேன்.

இரண்டு அங்குலம் எதற்கு என்று கேட்கலாம். படம் கொண்டுவரும் எச்.டி.எம்.ஐ. வயரின் தலை பெரியது. விளக்கு வயருக்குப் போடும் குழாயின் வளைவில் சிக்கிக்கொள்ளும். அதனால் பலர் வயரையே காரைக்குள் வைத்துப் பூசிவிடுகிறார்கள். 2013-ல் வந்த தரம் வினாடிக்கு 18 கிகாபிட். 2017-ல் வந்தது 48. நாலே வருஷம்! அறுபது வருஷம் நிற்கவேண்டிய சுவருக்குள் நாலு வருஷப் பொருளைச் சமாதி வைப்பது என்ன புத்தியோ. குழாயைப் புதைக்கலாம், வயர் வந்து போகட்டும். உள்ளே ஒரு நைலான் கயிறும் கிடக்கட்டும். பெட்டியின் மின்சார வயரை மட்டும் அதே குழாயில் நுழைக்கக்கூடாது. அந்த மாதிரி வளையும் வயரைச் சுவருக்குள் ஓட்டுவதை அமெரிக்க விதிகள் தடுக்கவே தடுக்கின்றன. பெட்டிக்குப் பின்னாலேயே ஒரு பிளக் வைத்துக்கொண்டால் அந்தத் தொல்லை இல்லை.

பெயர்த்த சுவரை மூடுமுன், புதுக் குழாய்க்குப் பக்கத்தில் அளவுநாடாவைப் பிடித்துக்கொண்டு ஒரு போட்டோ எடுத்தேன். எங்கே எத்தனை அடி என்று அதன்மேல் எழுதி, மெயின் போர்டுக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன். வீட்டை வாங்குகிறவன் அதை முதல் நாளே கிழித்துப் போட்டுவிடுவான் என்கிறாள் என் மனைவி. அப்பாவின் படம் இப்போது உள்ளறையில், ஜன்னலுக்கு மேலே இருக்கிறது.