வட்டியில் வளர்ந்த வரலாறு: பல்கலைக்கழகப் பேருரைகளும் ஆய்வு இருக்கைகளும்

அறக்கட்டளைச் சொற்பொழிவு என்பது எளிய ஏற்பாடு. ஒருவர் ஒரு தொகையைப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைக்கிறார். முதலைத் தொடக்கூடாது, வட்டியைக் கொண்டு ஓர் அறிஞரை அழைத்துப் பொதுமக்கள் முன் பேச வைக்க வேண்டும். தொகை பெரிதாக இருந்தால் அதே வழியில் ஒரு பேராசிரியருக்கே சம்பளம் கொடுக்கலாம். அதை இருக்கை என்கிறோம். ஆக்ஸ்ஃபோர்டில் வில்லியம் காம்டன் 1622இல் வரலாற்றுக்காக நிறுவிய இருக்கை இன்றும் அவர் பெயரில் இருக்கிறது. கோயில் நந்தாவிளக்குக்கு 'சாவா மூவாப் பேராடு' விட்டு, மந்தை குறையாமல் நெய்யை மட்டும் அளக்கச் சொன்ன நம் ஊர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல.

தமிழ்நாட்டில் இம்மரபின் மூத்த வீடு சென்னைப் பல்கலைக்கழகம். 1914ஆம் ஆண்டுக்குரிய சர் சுப்பிரமணிய ஐயர் சொற்பொழிவில் கே.வி. ரங்கசுவாமி ஐயங்கார் பண்டைய இந்திய ஆட்சிமுறையை எடுத்துக்கொண்டார். அதே 1914இல் அங்கே இந்திய வரலாறு, தொல்லியல் துறை தொடங்கியது, எஸ். கிருஷ்ணசுவாமி ஐயங்கார் முதல் பேராசிரியரானார். 1929இல் அந்த இடத்துக்கு வந்த கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி 1940களின் இடைப்பகுதி வரை இருந்தார். 'சோழர்கள்' நூல் 1935லும் 1937லும் இரண்டு பகுதிகளாக வெளிவந்தது அந்தக் காலத்தில்தான். அவரிடம் ஆராய்ந்த சி. மீனாட்சி 1936இல் முனைவர் பட்டம் பெற்றார். பல்லவர் ஆட்சியையும் சமூக வாழ்வையும் பற்றிய அவர் நூலைப் பல்கலைக்கழகமே 1938இல் அச்சிட்டது. இந்தப் பள்ளியின் ஒழுங்கு கடுமையானது. கல்வெட்டும் செப்பேடும் முதலில் பேச வேண்டும். இலக்கியம் துணைக்கு வரலாம். ஆதாரம் இல்லாத இடத்தில் வாய் திறக்கக்கூடாது. அதற்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் பேச்சும் எழுத்தும் ஆங்கிலத்திலேயே நடந்தன. எந்த ஊர்க் கோயில் சுவரிலிருந்து செய்தி எடுக்கப்பட்டதோ அந்த ஊர்க்காரர் அதைப் படிக்க முடியவில்லை. 'சோழர்கள்' தமிழில் வர அரை நூற்றாண்டு ஆயிற்று என்பதை என்னால் சிறு குறையாகக் கருத முடியவில்லை.

அந்தக் குறையை நிரப்பியது பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் பல்கலைக்கழகம். 1929இல் சிதம்பரத்தில் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1931இல் விபுலானந்த அடிகளைத் தமிழ்ப் பேராசிரியராக அமர்த்தியது. அங்கே வரலாற்றுப் பேராசிரியராக இருந்த சி.எஸ். சீனிவாசாச்சாரியார் டெல்லியையோ தஞ்சையையோ தேடிப் போகாமல், பக்கத்திலிருந்த செஞ்சிக் கோட்டையை எடுத்துக்கொண்டார். அவருடைய செஞ்சி வரலாறு 1943இல் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு அங்கே வந்து சேர்ந்தவர் தி.வை. சதாசிவப் பண்டாரத்தார். கும்பகோணத்தில் பள்ளித் தமிழாசிரியராகப் பல்லாண்டு இருந்தவர். விடுமுறை நாட்களில் கோயில் கோயிலாக நடந்து கல்வெட்டுப் படித்தவர். பட்டம் இல்லாத அவரை ஒரு பல்கலைக்கழகம் ஆராய்ச்சிக்கு அழைத்துக்கொண்டது; அதன் பலனாகப் 'பிற்காலச் சோழர் சரித்திரம்' 1949 முதல் பகுதி பகுதியாகத் தமிழில் கிடைத்தது. ஆய்வு இருக்கை யாருக்கு என்று கேட்டால் நான் முதலில் காட்டுவது இந்த உதாரணத்தைத்தான்.

ரா.பி. சேதுப்பிள்ளை இந்த இரண்டு வீட்டுக்கும் உறவானவர். அண்ணாமலையில் கற்பித்துவிட்டு 1936இல் சென்னைப் பல்கலைக்கழகம் போனார். ஊர்ப் பெயர்களில் ஒளிந்திருக்கும் வரலாற்றைத் 'தமிழகம் ஊரும் பேரும்' நூலில் எடுத்துக்காட்டினார். பின்னர் தம் தாயார் சொர்ணம்மாள் பெயரில் அறக்கட்டளை வைத்தார். மன்னரும் மிட்டாதாரும் செய்த காரியத்தை ஓர் ஆசிரியர் தம் சேமிப்பில் செய்தது இந்த மரபில் பெரிய திருப்பம்.

தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1981இல் வந்தபின் இன்னொரு பள்ளி வலுப்பெற்றது. ஒய். சுப்பராயலு, ஜப்பானிய அறிஞர் நொபொரு கரஷிமா ஆகியோர் ஒரு கல்வெட்டை மட்டும் வைத்து முடிவு சொல்லாமல், நூற்றுக்கணக்கில் அட்டவணையிட்டு நிலவுரிமையும் வரியும் மாறிய விதத்தைக் கண்டார்கள். வெளிநாட்டுத் தமிழ் இருக்கைகளின் கதை அண்மையது. பெர்க்லிக்குப் பிறகு ஹார்வர்டு. 60 லட்சம் டாலர் திரட்டும் முயற்சி 2018இல் நிறைவேறியது, தமிழ்நாடு அரசும் 10 கோடி ரூபாய் தந்தது. டொராண்டோ அடுத்து வந்தது. மகிழ்ச்சிதான். ஆனால் கல்வெட்டு இருப்பது நம் ஊர்ச் சுவரில்.

நல்ல பேருரைக்கு அளவுகோல் எது? இ.எச். கார் 1961இல் கேம்பிரிட்ஜில் டிரெவெல்யன் பெயரிலான சொற்பொழிவுகளாக ஆறு உரைகள் நிகழ்த்தினார். 'வரலாறு என்றால் என்ன' என்ற அந்த உரைகள் அதே ஆண்டு நூலாகி உலகெங்கும் போயின. புதிதாக ஆராய்ந்தது, தொடராகப் பேசியது, யாரும் வந்து கேட்கக்கூடியது, தாமதமின்றி அச்சானது: நான்கும் அதில் இருந்தன. நம்மிடம் நான்காவதுதான் முதலில் நழுவுகிறது. பேசிய அன்றே சால்வையோடு காரியம் முடிந்துவிடுகிறது. இன்னொரு நோய், வட்டி தேய்வது. என்றோ வைத்த 10,000 ரூபாய் 6 விழுக்காட்டில் ஆண்டுக்கு 600 ரூபாய் தரும். பேச்சாளரின் பேருந்துச் செலவுக்கே பற்றாது. அப்படியானால் நான்கைந்து அறக்கட்டளைகளை ஒரே பிற்பகலில் முடித்துக் கணக்குக் காட்டுவார்கள். கொடுத்தவரின் நோக்கம் அங்கே செத்துப்போகிறது.

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்லூரிகள் இன்று அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. அந்த மாவட்டத்து உளுந்தூர்பேட்டையில் ஒரு வரலாற்றுப் பேருரை அறக்கட்டளை வேண்டும் என்று உரிமையோடு கேட்கிறேன். 10 லட்சம் ரூபாய் முதலாக நின்றால் ஆண்டுக்கு 60,000 வரும். மூன்று மாலை உரைக்கும் அச்சுச் செலவில் ஒரு பங்குக்கும் அது போதும். உரை தமிழில் இருக்கட்டும். கையெழுத்துப்படி வந்த பிறகே பேச்சாளருக்கு முழுத்தொகை என்று பத்திரத்திலேயே எழுதிவிடலாம். வட்டியில் ஒரு பகுதியை ஆண்டுதோறும் முதலோடு சேர்க்க வேண்டும் என்பதும் அதில் இருக்கட்டும்.

பொருளுக்குப் பஞ்சமில்லை. சுந்தரர் பிறந்த திருநாவலூரில்தான் முதற் பராந்தகனின் மகன் இராசாதித்தன் படையோடு தங்கியிருந்தான். ஊரே இராசாதித்தபுரம் எனப் பெயர் பெற்றது. 949இல் அவன் தக்கோலப் போரில் யானைமேல் இருந்தபடியே இறந்தது வரை ஒரு முழுத் தொடருக்கு இடமுண்டு. திருக்கோவலூர்ப் பக்கம் ஜம்பையில் 1981இல் கண்டறியப்பட்ட அதியமான் கல்வெட்டு இன்னொன்று. ஆனால் முதல் உரையை நான் கல்வராயன் மலைக்குக் கொடுப்பேன். 1976 வரை ஜாகீர்தார்கள் ஆண்ட மலை அது. அந்த ஆட்சியில் வேலை செய்தவர்களும் வரி கட்டியவர்களும் முதிய வயதில் இன்னும் அங்கே இருக்கிறார்கள். பேச்சாளர் ஆவணக் காப்பகத்துக்குப் போகுமுன் அவர்கள் வீட்டுத் திண்ணைக்குப் போகட்டும். மூன்று மாலைகளில் ஒன்றாவது மலைமேல் வெள்ளிமலையில் நடக்கட்டும்.